ஒரு நாள் அடுப்பு, பல நாள் உணவு

பாடம்: உணவைச் சேமித்தலும் பகிர்தலும்



சொந்தக் காணியை விட்டு வந்து புத்தூரிலும் அயற் கிராமங்களிலும் வாழும் குடும்பங்களின் அன்றாட நேரத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். விடியற் காலையில் பெண் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகமுன் ஒரு சமையல். பிறகு வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. மதியம் ஓடி வந்து இன்னொரு சமையல், இரவுக்கு மூன்றாவது. விறகு பொறுக்குவது, தண்ணீர் அள்ளுவது, சட்டி கழுவுவது எல்லாவற்றையும் கூட்டினால் நாளின் பெரும் பங்கு அடுப்படியிலேயே போய்விடுகிறது. அறுவடைக் காலத்தில் ஒரு நேரச் சமையலுக்காக அரைநாட் கூலியை இழக்கும் பெண்களும் உண்டு.

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். கத்தரியும் தக்காளியும் சந்தையில் மலிந்து, பறிகூலிக்கும் கட்டாத விலை வரும்போது காய் மரத்திலேயே அழுகுகிறது. அதே வீட்டில் மார்கழி மழைக்குக் கறிக்கு ஒன்றும் இல்லை. நேரம் ஒரு பக்கம் வீணாகிறது, விளைச்சல் மறுபக்கம் வீணாகிறது. இரண்டையும் ஓரளவுக்கேனும் மீட்கும் வழி, ஒரு நாள் கூடிச் சமைத்துப் பல நாளுக்கு வைத்துக்கொள்வதும், மலிந்த காலத்தில் சேர்த்து அரிய காலத்தில் எடுப்பதுமாகும். இதுவே இப்பாடத்தின் பொருள்.

1. உணவு ஏன் பழுதாகிறது?

உணவைப் பழுதாக்குவன கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள். பற்றீரியா, பூஞ்சணம், மதுவம் என்பன அவற்றுட் சில. அவற்றுக்கும் நம்மைப் போலவே தண்ணீரும் உணவும் அளவான சூடும் வேண்டும். ஏறக்குறைய 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில் அவை வேகமாகப் பெருகும். யாழ்ப்பாணத்தில் பகலும் இரவும் நம் அடுப்படி இந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே உணவைக் காப்பதற்கு அடிப்படை வழிகள் சிலவே. தண்ணீரை எடுத்துவிடலாம், இது உலர்த்தல். உப்போ புளிப்போ மிகுத்து அவை வாழ முடியாமற் செய்யலாம். இது கருவாடும் ஊறுகாயும். குளிரினால் அவற்றை உறங்க வைக்கலாம். இது பிறிஜ்சும் பிறீசரும். காற்றுப் புகாது அடைத்து வேக வைப்பது இன்னொன்று. இது தகரத்தில் அடைத்த மீன்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்திக்கொள்வோம். "பழுதானாலும் கொதிக்க வைத்தால் சரி" என்று பலர் எண்ணுகிறார்கள். கொதி பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும். ஆனால் சில கிருமிகள் உணவில் விட்டுச்சென்ற நஞ்சு கொதியில் அழியாது. மத்தியானம் வடித்த சோற்றை இரவு வரை வெளியே வைத்து மறுபடி சூடாக்கிச் சாப்பிட்டுச் சத்தியும் வயிற்றோட்டமும் வருவது இதனாலேயே. சூரை, கும்பிளா, சாளை போன்ற மீன்களைக் குளிரில் வைக்காமல் நெடுநேரம் வைத்திருந்தால் அவற்றில் ஹிஸ்ரமின் என்னும் பொருள் உண்டாகும். அதைச் சமையலும் நீக்காது, உறைய வைத்தலும் நீக்காது. முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும். ஆகவே நல்ல நிலையில் உள்ளதையே சேமிக்க வேண்டும். "இன்று பழுதாகப் போகிறது, நாளைக்கு வைப்போம்" என்பது சேமிப்பு அல்ல.

2. வெயில் என்னும் களஞ்சியம்

மின்சாரம் வருமுன்பே நம் முன்னோரிடம் ஒரு களஞ்சியம் இருந்தது. அதற்குப் பெயர் வெயில். ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தின் களியைப் பாயில் மேல் மேலாகப் பூசி உலர்த்தினால் பினாட்டு. பழத்தின் விதையைப் பாத்தியிட்டுத் தை, மாசியில் கிண்டினால் கிழங்கு. அதைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூவை உளுந்தோடும் வெங்காயத்தோடும் சேர்த்து வடகம். பச்சை மிளகாயைக் கீறி, உப்பிட்ட மோரில் இரவில் ஊறவிட்டுப் பகலில் காயவிட்டு, மோர் வற்றும்வரை தொடர்ந்தால் மோர்மிளகாய். கத்தரி, பாகல் வற்றல், வறுத்த அரிசிமா, இடித்த மிளகாய்த்தூள் இவையெல்லாம் ஒரே கலையின் கிளைகளாகும்.

இந்தக் கலை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா நாடுகளின் அந்தீஸ் மலை விவசாயிகள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவிடுகிறார்கள். சூனியோ எனப்படும் இக்கிழங்கு ஆண்டுக்கணக்கில் கெடாது. அவர்களுக்கு மலைப்பனி பிறீசர், வெயில் அடுப்பு. எந்த நாட்டு ஏழை விவசாயியும் தன் வானம் தருவதைக் கொண்டே களஞ்சியம் கட்டியிருக்கிறான்.

இடம்பெயர்ந்தோருக்கு உலர் உணவின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கையில் கொண்டுபோகக் கூடிய உணவு காய்ந்த உணவு ஒன்றுதான். 1990களில் மின்சாரம் இன்றி ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கும், வற்றலும் மாவும் மிளகாய்த்தூளுமே வீட்டின் பிறீசர்.

உலர்த்தும்போது கவனிக்க வேண்டியவை:

அ. காயைக் கழுவி, ஒரே தடிப்பில் வெட்டுங்கள். தடித்த துண்டு உள்ளே ஈரமாக இருந்து மற்றவற்றையும் பழுதாக்கும்.

ஆ. கத்தரி, பாகல், பயற்றங்காய் முதலியவற்றை உப்பும் மஞ்சளும் இட்ட கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்துக் காயவிடுங்கள். நிறமும் சுவையும் நிற்கும்.

இ. நிலத்தில் பரப்பாமல் உயர்ந்த பந்தலில் சுளகிலோ பாயிலோ பரப்பி, மெல்லிய துணியால் மூடுங்கள். இலையான் மொய்த்த வற்றல் வயிற்றோட்டத்தை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும். பொழுதுபட முன் உள்ளே எடுங்கள்.

ஈ. காய்ந்துவிட்டதா என்று அறிய ஒன்றை முறித்துப் பாருங்கள். வளைந்தால் காயவில்லை, முறிந்தால் காய்ந்தது. பிறகு போத்தலில் இட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். கண்ணாடியில் ஈரம் படிந்தால் மறுபடியும் வெயிலுக்குக் கொண்டு போங்கள்.

உ. பூஞ்சணம் பிடித்த மிளகாயையும் நிலக்கடலையையும் துடைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம். 1960 இல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற ஏறத்தாழ ஓர் இலட்சம் வான்கோழிகள் இறந்தன. அதை ஆராய்ந்தபோதே அஃபிளாரொக்சின் என்னும் நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. ஈரலைத் தாக்கிப் புற்றுநோயும் உண்டாக்கும் இந்நஞ்சைச் சமையல் முற்றாக அழிக்காது.

3. பிறீசரில் வைக்கும் சமையல்

இன்று பல வீடுகளுக்கு மின்சாரம் வந்துவிட்டது. சில வீடுகளில், வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த பிறீசரும் இருக்கிறது. ஆனால் அதில் ஐஸ் கட்டியும் மீனும் தவிர வேறொன்றும் காண்பது அரிது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் நம்மவர் துருவிய தேங்காய், தோலுரித்த மரவள்ளி, பலாக்கொட்டை, இடியப்பம் எல்லாவற்றையும் உறைந்த பக்கற்றாகக் கடையில் வாங்குகிறார்கள். அங்கே காசுக்கு வாங்குவதை இங்கே நம் கையாலேயே செய்யலாம்.

இம்முறையின் கதையும் அறியத் தக்கது. அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்பவர் 1912 முதல் கனடாவின் லப்ரடோர் பகுதியில் வாழ்ந்தபோது, அங்குள்ள இனுயிற் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் உடனே உறைவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதுமீன் போல் இருப்பதையும் கண்டார். மெதுவாக உறைந்தால் உணவுக்குள் இருக்கும் நீர் பெரிய ஐஸ் பளிங்குகளாகி நார்களைக் கிழிக்கும். விரைவாக உறைந்தால் பளிங்கு சிறிது, சேதமும் சிறிது. இதை வைத்தே அவர் 1920களில் விரைந்து உறைய வைக்கும் இயந்திரத்தை அமைத்தார். நமக்குரிய படிப்பினை எளியது: சிறிய, தட்டையான பொதிகளாக வையுங்கள், பெரிய சட்டியோடு வைக்க வேண்டாம்.

வைக்க ஏற்றவை: பருப்புக் கறி, அவித்த கடலை, கௌபி, பயறு, இறைச்சிக் கறி, புளி விட்ட மீன் கறி, இடியப்பம், பிட்டு, துருவிய தேங்காய், அவித்த பலாக்கொட்டை, தோலுரித்த மரவள்ளி.

வைக்க ஏற்காதவை: பால் விட்ட சொதி (திரைந்து பிரியும்), தயிர், அவித்த முட்டை (வெள்ளை றப்பர் போலாகும்), உருளைக்கிழங்குக் கறி (கிழங்கு நீர்விட்டுப் பொருபொருக்கும்), வெள்ளரி, இலைச் சம்பல். பால்க்கறி வேண்டுமானால் பால் விடாமற் சமைத்து உறைய வைத்து, சூடாக்கும் நாளில் பால் விடுங்கள்.

செய்முறை:

முதலாவது, நன்றாகக் கொதிக்கச் சமையுங்கள்.

இரண்டாவது, விரைவாக ஆறவிடுங்கள். அகன்ற தாச்சியில் கிணற்றுத் தண்ணீர் விட்டு அதனுள் சட்டியை இறக்கி, தண்ணீரை இரண்டு மூன்று தரம் மாற்றிக் கறியைக் கிளறுங்கள். சமைத்து 2 மணி நேரத்துக்குள் உணவு குளிருக்குள் போய்விட வேண்டும். சுடச்சுடப் பிறீசரில் வைத்தால் பக்கத்தில் உள்ளதும் இளகும்.

மூன்றாவது, ஒரு குடும்பத்தின் ஒரு நேர அளவாகப் பொதி செய்யுங்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருக்கும். ஆகவே பாத்திரத்தில் விளிம்புவரை நிரப்ப வேண்டாம். பையானால் காற்றை அமுக்கி வெளியேற்றுங்கள். உணவுக்கென்று செய்த பையையோ மூடியுள்ள பெட்டியையோ மட்டும் பாவியுங்கள். சூடான கறியைச் சொப்பிங் பையில் ஊற்றுவது ஆகாது.

நான்காவது, கறியின் பெயரையும் சமைத்த திகதியையும் எழுதி ஒட்டுங்கள். முந்தி வைத்ததை முந்தி எடுங்கள். கழித்தல் 18 பாகை செல்சியசில் வைத்த கறி இரண்டு மூன்று மாதம் நல்ல சுவையோடு இருக்கும்.

ஐந்தாவது, எடுக்கும் நாளுக்கு முந்திய இரவு பிறிஜ்சின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். பிறிஜ் இல்லாவிடில், மூடிய பொதியைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி நீரை மாற்றி மாற்றி இளக்கி, உடனே சமையுங்கள். காலை முதல் மாலை வரை மேசையில் வைத்து இளகவிட வேண்டாம். நடுப்பகுதி வரை கொதிக்கச் சூடாக்கி அன்றே உண்டு முடியுங்கள். இளகியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, உறங்கவே வைக்கிறது. இளகும்போது அது விழித்துக்கொள்ளும்.

4. மின்சாரம் நின்றால்?

மின்சாரத்தை மட்டும் நம்பி இருக்கலாகாது என்பதை 2022 நமக்கு நினைவூட்டியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. எரிவாயு வரிசையில் நின்ற பட்டணத்தார் விறகடுப்புக்குத் திரும்பினர்.

மின்வெட்டின்போது பிறீசரைத் திறக்காமல் வைத்திருந்தால், நிறைய உணவு உள்ள பிறீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது ஏறத்தாழ 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். பிறிஜ்சின் கீழ்த்தட்டு 4 மணி நேரமே காக்கும். ஆகவே வெறும் இடத்தை நீர்ப் போத்தல்களால் நிரப்பி வையுங்கள். போத்தலிலும் மேலே சிறிது இடம் விடுங்கள். மேலே மூடி திறக்கும் பிறீசரில் குளிர் கீழேயே தங்கும். முன்கதவு திறக்கும் பிறீசரில் திறக்கும்போதெல்லாம் வழிந்து ஓடிவிடும்.

வீட்டில் இல்லாதபோது மின்சாரம் போய் வந்ததா என்று அறிய ஒரு வழி: சிறு கோப்பையில் நீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துப் பிறீசருள் விடுங்கள். திரும்பி வரும்போது நாணயம் கீழே அமிழ்ந்திருந்தால் உள்ளே எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அந்த உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

நமது ஆலோசனை இதுவே: ஒரு காலை வெயிலிலும் ஒரு காலைக் குளிரிலும் ஊன்றி நில்லுங்கள். மிளகாய், வற்றல், மா, ஒடியல் வெயிலுக்கு. சமைத்த கறி பிறீசருக்கு. மின்சாரம் நின்றால் வற்றற் போத்தல் கைகொடுக்கும், மாரி மழையில் வெயில் நின்றால் பிறீசர் கைகொடுக்கும்.

5. கடன் வேண்டாம், கூட்டு வேண்டும்

இதைப் படித்துவிட்டுப் பிறீசர் வாங்கக் கடன் எடுக்க எவரும் புறப்பட வேண்டாம். வாரத் தவணைக் கடனில் சிக்கி, ஒன்றை அடைக்க இன்னொன்றை எடுத்து, நகையையும் நிம்மதியையும் இழந்த பெண்கள் வடக்கின் பல கிராமங்களில் உள்ளனர். உணவைச் சேமிக்கப் போய் உணவுக் காசையே வட்டியாகக் கட்டுவது அறிவுடைமையன்று.

மாறாக, நான்கைந்து குடும்பங்கள் சேரலாம். பிறீசர் உள்ள வீட்டாருக்கு மின் பட்டியலில் எல்லோரும் பங்கு கட்டலாம். அல்லது மாதர் சங்கத்தின் சிறு சேமிப்பிலிருந்து ஒன்றை வாங்கிப் பொது இடத்தில் வைக்கலாம். மாதம் இருமுறை, வேலை குறைந்த நாளில், எல்லோரும் ஓரிடத்தில் சமைக்க வேண்டும். ஒருவர் விறகு, ஒருவர் தேங்காய், ஒருவர் தோட்டத்துக் காய், ஒருவர் கைவேலை. பெரிய சட்டியில் ஒருமுறை சமைப்பதற்குச் செல்லும் விறகு, ஐந்து அடுப்பில் ஐந்து முறை சமைப்பதற்குச் செல்வதிலும் குறைவு. யார் எவ்வளவு கொடுத்தார், எத்தனை பொதி எடுத்தார் என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கணக்கு எழுதாத கூட்டு மனத்தாங்கலில் முடியும். வெட்டிக் கழுவும் வேலையில் ஆண்களும் உட்காரட்டும். தோட்டத்தில் பெண் சரிபாதி உழைக்கிறாள் என்றால் அடுப்படியில் ஆண் சரிபாதி உழைப்பதே முறை.

6. யாருக்குக் கொடுப்போம்?

சேமித்த உணவின் ஒரு பங்கு பிறருக்கென்று இருக்கட்டும். இது நமக்குப் புதிதன்று. செத்தவீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் அயலவரே சாப்பாடு கொண்டுபோகிறார்கள். பிள்ளைப்பேற்று வீட்டுக்குச் சரக்குக் கறி போகிறது. ஒடியற் கூழ் காய்ச்சினால் ஒரு வீட்டுக்கெனக் காய்ச்சுவதில்லை. அயல் முழுவதும் முற்றத்தில் கூடிப் பனையோலைப் பிளாவில் குடிக்கிறது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பவர் வெறுமையாகக் கொடுப்பதில்லை. இருந்தும், திடீரென்று வரும் துன்பத்துக்குச் சமைத்துக் கொண்டுபோகக் கூலித் தொழிலாளிக்கு நேரமில்லை. பிறீசரில் இரண்டு பொதி இருந்தால் அந்தக் கணமே எடுத்துச் செல்லலாம். வைத்தியசாலையில் பிள்ளையோடு இருக்கும் தாயின் வீட்டுக்கும், தனித்து வாழும் முதியவருக்கும், பரீட்சை எழுதும் பிள்ளையின் வீட்டுக்கும் அது போகட்டும்.

இதில் இடம்பெயர்ந்தோருக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. ஆண்டுக்கணக்கில் உலருணவு அட்டையோடு வரிசையில் நின்றவர்கள், தம்மைக் கொடுக்க ஒன்றுமில்லாதவர்களாக எண்ணத் தொடங்குகிறார்கள். காணி திரும்பக் கிடைத்து ஊருக்குப் போனோரும் உண்டு. இன்னும் காத்திருப்போரும் உண்டு. காணி வரும்வரை காத்திருக்கலாம், கொடுக்கும் பழக்கத்தை அதுவரை காக்க வைக்க முடியாது. அது கைவிட்டால் திரும்ப வராது. ஊரிலே வந்தாரை உபசரித்த வீடு, இங்கே கொட்டிலில் இருந்தாலும் அயல்வீட்டுக்கு ஒரு பொதி கறி கொடுக்கும்போது மறுபடி வீடாகிறது.

இன்னொரு கசப்பான உண்மையையும் மறைக்காமற் பேசுவோம். நம் ஊர்களில் யார் வீட்டுச் சாப்பாடு யார் வீட்டுக்குப் போகலாம் என்பதைச் சாதி இன்றும் தீர்மானிக்கிறது. "கொடுப்போம், ஆனால் வாங்க மாட்டோம்" என்று ஒருவர் சொன்னால் அது பகிர்வல்ல. 1924 இல் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் இளைஞர்கள் சமபந்திப் போசனத்தை ஒரு போராட்டமாகவே நடத்தினார்கள். ஒரே பந்தியில் இருந்து உண்பது அன்று துணிவான செயல். ஒரே சட்டியில் சமைத்து ஒரே பிறீசரில் வைப்பது இன்று நமக்கு உரிய சமபந்தி. யார் சமைத்தார் என்று கேளாமல் எந்தப் பொதியையும் எந்தக் குடும்பமும் எடுக்கும் நாளிலேயே நம் கூட்டு உண்மையான கூட்டாகும்.

கலந்துரையாடுவதற்கு

1. கடந்த போகத்தில் விற்க முடியாமல் வீணான காய்கறிகள் எவை? அவற்றுள் எவற்றை உலர்த்தியிருக்கலாம், எவற்றைச் சமைத்து உறைய வைத்திருக்கலாம்?

2. நம் வீட்டில் பெண்கள் ஒரு நாளில் சமையலுக்குச் செலவிடும் நேரம் எவ்வளவு? ஆண்கள் எவ்வளவு?

3. அயலில் யார் வீட்டு உணவை நாம் வாங்கத் தயங்குகிறோம்? ஏன்?

4. மூத்தோருக்குத் தெரிந்து இளையோருக்குத் தெரியாத உலர்த்தும் முறைகள் எவை? அவற்றை யார் யாருக்குக் கற்பிப்பது?

செய்து பார்ப்போம்

அடுத்த கூட்டத்துக்கு முன் ஐந்து குடும்பங்கள் கூடி, மலிந்து கிடைக்கும் ஒரு காயை வற்றலாக்குங்கள். கூடவே ஒரு பருப்போ கடலையோ சமைத்துப் பொதி செய்யுங்கள். பிறீசர் இல்லாத இடத்தில் வற்றல் மட்டும் போதும். ஆறு பங்கு வையுங்கள்: ஐந்து பங்கு ஐந்து வீட்டுக்கு, ஆறாவது பங்கு இக்கூட்டத்துக்கு வராத ஒரு வீட்டுக்கு. அந்த வீட்டைத் தெரிவு செய்வதும், அங்கே அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் யார் என்று முடிவு செய்வதும் உங்கள் பொறுப்பு. செலவு, விறகு, நேரம் மூன்றையும் கொப்பியில் குறித்து வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.